பிழை எண் 28

கோயம்புத்தூரிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக மலையேறும் சாலை ஆனைகட்டியில் மாநில எல்லையைத் தொடுகிறது. கொடுங்கரைப்பள்ளம் என்னும் ஓடைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு. அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. ஊரின் பெயர் இருபுறமும் ஒன்றே. இருபுறமும் இருளர் வாழ்கிறார்கள். கடைத்தெருவில் ஒரே உரையாடல் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிவதைக் கேட்கலாம். வீட்டுக்குள் போனால் இவ்விரண்டும் அல்லாத இருள மொழி. கமில் சுவெலபில் இம்மொழியைப் பற்றி எழுதிய ஆய்வின் முதற்பகுதி 1973இல் வெளிவந்தது. தமிழ்க் காதுக்கு எளிதில் பிடிபடாத நடு உயிரொலிகள் அதில் உண்டு. நாக்கு முன்னும் போகாமல் பின்னும் போகாமல் இடையில் நின்று எழுப்பும் ஒலிகள் அவை. எழுதிக்கொள்பவர் தம் தாய்மொழியின் பழக்கத்தில் அவற்றை 'இ' என்றோ 'உ' என்றோ குறித்துவிடக்கூடும். எனவே எழுத்தை நம்பாமல் ஒலிப்பதிவை நம்புவதே அங்குப் பணிபுரிபவர்களின் முறை.

2016ஆம் ஆண்டுக் கோடையில் ஆய்வு மாணவி ஒருவர் அங்கு வாடகை அறை ஒன்றில் தங்கி இருளச் சொற்களைத் தொகுத்துக்கொண்டிருந்தார். அறையில் மேசை, மின்விசிறி, கைமாற்றாக வந்த பழைய மேசைக்கணினி. கணினியில் உபுண்டு 12.04, அதில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 9.1ஆம் பதிப்பு. நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய இயங்குதளம்தான். ஆனாலும் ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாதே என்பது ஆய்வு மாணவர்களின் எழுதப்படாத விதி. தரவுத்தளத்தில் சொற்கள், எடுத்துக்காட்டு வாக்கியங்கள், தமிழிலும் மலையாளத்திலும் பொருள், ஒலிக்குறியீட்டுப் பெயர்ப்பு ஆகியவை இருந்தன. ஒலிக்கோப்புகள் தனியே வட்டில் இருந்தன. அவற்றின் பெயரும் நேரக்குறியும் மட்டும் தரவுத்தளத்தில். எல்லாம் சேர்ந்து 300 எம்பி இருக்கும்.

சிக்கல் வேகத்தில் தொடங்கியது. 'இரு உயிர்களுக்கு இடையில் வரும் வல்லொலி' போன்ற ஒலிச்சூழலைத் தேடினால் விடை வரப் பத்து வினாடிக்கு மேல் ஆயிற்று. பேச்சாளர் எதிரில் அமர்ந்திருக்கும்போது பத்து வினாடி நீண்ட நேரம். தரவுத்தளத்துக்கு நினைவகத்தை அதிகமாக ஒதுக்கினால் வேகம் கூடும் என்று எங்கோ படித்தார். கணினியின் நினைவகத்தில் நான்கில் ஒரு பங்கை 'ஷேர்ட் பஃபர்ஸ்' என்னும் அமைப்புக்குக் கொடுக்கலாம் என்பது பரவலான பரிந்துரை. 4 ஜிபி கணினிக்கு 1 ஜிபி. அமைப்புக் கோப்பைத் திறந்து பழைய 24 எம்பியை அழித்து 1 ஜிபி என்று எழுதி, தரவுத்தளத்தை நிறுத்தித் தொடங்கினார். நிறுத்த முடிந்தது, தொடங்க முடியவில்லை.

இதற்குக் காரணம் தரவுத்தளத்தில் இல்லை, அதற்குக் கீழே இயங்கும் கெர்னலில் இருந்தது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனி ப்ராசஸைத் தோற்றுவிக்கும் கட்டமைப்பு கொண்டது. ப்ராசஸ்களுக்கு இடையே கெர்னல் சுவர் எழுப்புகிறது. ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று பார்க்க இயலாது. ஆனால் ஒரு தரவுத்தளத்தின் ப்ராசஸ்கள் அனைத்தும் ஒரே பக்கங்களைப் படித்து, ஒரே பூட்டுகளை மதித்து நடக்க வேண்டும். அதற்காகச் சுவர்களுக்கு வெளியே ஒரு பொது இடத்தைக் கெர்னலிடம் கேட்டுப் பெறுகின்றன. அதுவே பகிர்வு நினைவகம். ஊர்ப் பொதுக்களத்தை நினைத்துக்கொள்ளலாம். அறுவடைக் காலத்தில் எவர் வேண்டுமானாலும் களத்தில் கதிர் போடலாம். ஆனால் ஒரு குடும்பம் எவ்வளவு இடத்தை வளைத்துக்கொள்ளலாம் என்றொரு வரம்பு உண்டு, எல்லோரும் சேர்ந்து போட்டாலும் களத்தின் பரப்பு இவ்வளவுதான் என்று மற்றொரு வரம்பும் உண்டு. முதல் வரம்பின் பெயர் ஷம்மேக்ஸ். இரண்டாவதன் பெயர் ஷம்ஆல். 1980களின் தொடக்கத்தில் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸோடு பரவிய ஏற்பாடு இது.

லினக்ஸில் ஷம்மேக்ஸின் இயல்பு அளவு நெடுங்காலம் 32 எம்பியாகவே இருந்தது. நினைவகம் விலையுயர்ந்த பண்டமாக இருந்த நாளில் ஒரு நிரல் 32 எம்பிக்கு மேல் பொது இடம் கேட்டால் அது தவறுதலாகவே இருக்கும் என்று கருதியது இயல்பே. நினைவகம் பெருகிய பின்னும் அந்த எண் அசையவில்லை. ஆனைகட்டிக் கணினி கேட்டது 1 ஜிபி. கிடைத்த விடை 'செல்லாத மதிப்பு' என்னும் பொருள்தரும் இரண்டு ஆங்கிலச் சொற்கள். கீழே போஸ்ட்கிரெஸ் தன் பங்குக்கு ஒரு பத்தி விளக்கம் சேர்த்திருந்தது. கேட்டது ஷம்மேக்ஸ் வரம்பை மீறியிருக்கலாம். கேட்பதைக் குறையுங்கள் அல்லது வரம்பை உயர்த்துங்கள் என்றது விளக்கம். மாணவி அதை முழுதும் படித்தார். ஷம்மேக்ஸ் என்னும் சொல்லை அவர் அறிந்ததே அப்போதுதான்.

வரம்பைச் சரியாக 1 ஜிபிக்கு, அதாவது 1,07,37,41,824 பைட்டுக்கு உயர்த்தினார். மீண்டும் அதே பிழை. இம்முறையும் கீழே இருந்த பத்தியைப் படித்து, தரவுத்தளம் கேட்ட மொத்த அளவு 110 கோடி பைட்டுக்கும் மேல் என்று கண்டார். ஷேர்ட் பஃபர்ஸுக்கு 1 ஜிபி கொடுத்தால் அதைப் பராமரிக்கும் அட்டவணைகள், பூட்டுகள், இணைப்புகளின் விவரங்கள் ஆகியவற்றுக்கும் இடம் வேண்டும். எல்லாம் சேர்ந்தே ஒரே துண்டாகக் கேட்கப்படும். பத்து மூட்டை நெல்லைக் காயப்போடப் பத்து மூட்டை அளவு இடம் போதாது, கிளறுகிறவர் நடக்கவும் இடம் வேண்டும் என்பது போன்ற கணக்கு. வரம்பை 120 கோடியாக்கினார்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் தரவுத்தளம் ஓடியிருக்கும். அவர் நிறுத்தவில்லை. இரண்டாவது வரம்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்று ஒரு குறிப்பில் கண்டு, அதிலிருந்த வரியை அப்படியே எடுத்து ஒட்டினார்: ஷம்ஆல் 65,536. பார்வைக்குப் பெரிய எண். ஆனால் ஷம்மேக்ஸைக் கெர்னல் பைட்டில் எண்ணுகிறது. ஷம்ஆலைப் பக்கத்தில் எண்ணுகிறது. ஒரு பக்கம் 4,096 பைட்டு. 65,536 பக்கம் என்பது வெறும் 256 எம்பி. கணினியில் ஏற்கெனவே இருந்த இயல்பு மதிப்போ 20,97,152 பக்கம், அதாவது 8 ஜிபி. குறிப்பை எழுதியவர் எந்தச் சிறு கணினிக்காக எழுதினாரோ, ஆனைகட்டியில் அது களத்தையே முப்பத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டது. இந்தக் குழப்பத்தில் மூன்றாவது அலகும் உண்டு. ஷேர்ட் பஃபர்ஸுக்கு அலகு குறிக்காமல் வெறும் எண்ணை எழுதினால் போஸ்ட்கிரெஸ் அதை 8 கேபி கட்டங்களாக எண்ணிக்கொள்ளும். படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் வேறுபட்ட காலத்தில் வணிகர்கள் 'எந்த ஊர்ப் படி?' என்று கேட்டே விலை பேசினார்கள். கணினி அமைப்புக் கோப்பில் அந்தக் கேள்வியைக் கேட்க எவருமில்லை. எண் தனியே நிற்கிறது.

மூன்றாம் முறை தொடங்கியபோது பிழைச்செய்தி மாறியிருந்தது. 'சாதனத்தில் இடம் மீதமில்லை' என்றது.

கெர்னல் உண்மையில் இந்த வாக்கியத்தைச் சொல்வதில்லை. அது 28 என்னும் எண்ணை மட்டுமே திருப்பித் தருகிறது. அந்த எண்ணுக்கு நேராக ஒரு வாக்கியத்தை எடுத்துக் கொடுப்பது சி மொழி நூலகம். யூனிக்ஸின் தொடக்க காலத்தில் வகுத்த இந்தப் பிழை எண்கள் சில பத்துகளே. வட்டிலோ நாடாவிலோ எழுதும்போது இடம் தீர்ந்தால் 28. சாதனம் என்றால் அன்று சாதனமேதான். கையால் தொடக்கூடிய பொருள். பின்னர்ப் பகிர்வு நினைவகம் வந்தது. அதற்கும் வரம்புகள் வந்தன. வரம்பு மீறலைத் தெரிவிக்க எண் தேவைப்பட்டது. இருந்த எண்களில் பொருத்தமாகத் தோன்றியதை எடுத்துக்கொண்டார்கள். ஒரு துண்டின் அளவு வரம்பு மீறினால் 22, 'செல்லாத மதிப்பு'. மொத்தக் களம் போதாவிட்டால் 28.

மொழியியல் மாணவர்களுக்கு இது புதிய செய்தியன்று. எள்ளின் நெய்யே எண்ணெய். பின்னர்த் தேங்காயிலும் கடலையிலும் எடுத்தது எண்ணெயாயிற்று. மண்ணிலிருந்து எடுத்ததும் மண்ணெண்ணெயாயிற்று. எள் சொல்லுக்குள் இருக்கிறது, பொருளில் இல்லை. பிழை எண்களிலேயே இதைவிட வேடிக்கையான எடுத்துக்காட்டு 25ஆம் எண். 'இது தட்டச்சுப்பொறி அன்று' என்பது அதன் பழைய வாசகம். முனையங்கள் தட்டச்சுப்பொறி வடிவில் இருந்த நாளில் அது நேர்ப்பொருள். பிற்காலத்தில் கோப்புகளோடு மல்லாடியவர்களும் தங்கள் திரையில் தட்டச்சுப்பொறியைச் சந்தித்துத் திகைத்தார்கள். லினக்ஸின் நூலகம் அந்த வாசகத்தை மாற்றிவிட்டது. 28ஐ மாற்றவில்லை. தட்டச்சுப்பொறி என்றால் எவரும் இன்று அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சாதனத்தில் இடமில்லை என்றால் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். நகைப்புக்கிடமான பிழைச்செய்தியால் தீங்கு குறைவு. நம்பத்தகுந்த தவறான பொருளைத் தருவதே ஆபத்தானது.

மூன்றாம் முறையும் போஸ்ட்கிரெஸ் கீழே ஒரு பத்தி சேர்த்திருந்தது. அதன் முதல் வாக்கியமே, வட்டில் இடம் தீர்ந்துவிட்டது என்று இந்தப் பிழைக்குப் பொருள் அன்று என்கிறது. 'அன்று' என்னும் சொல்லின் இருபுறமும் உடுக்குறி இட்டு அழுத்தியும் காட்டியிருக்கிறார்கள். எதிர்மறை வாக்கியம் வெற்றிடத்தில் பிறப்பதில்லை. 'வாசலில் யானை இல்லை' என்று எவரும் காரணமின்றிச் சொல்வதில்லை. இருக்கும் என்று கேட்பவர் நினைத்திருக்க வேண்டும், அல்லது நேற்று இருந்திருக்க வேண்டும். (ஆனைகட்டியில் இந்த வாக்கியத்தைப் பொருளோடு சொல்லும் இரவுகள் உண்டு.) போஸ்ட்கிரெஸின் அந்த எதிர்மறைக்குப் பின்னே, செய்தியை நேர்ப்பொருளில் படித்து வட்டைத் துழாவிய பலர் இருந்திருக்க வேண்டும். அவர்களுடைய தவறின் எச்சமே அந்த உடுக்குறிகள்.

மாணவி அந்தப் பத்தியைப் படிக்கவில்லை. முதலிரு முறையும் பிழைக்குக் கீழே ஒரு பத்தி வந்தது. மூன்றாம் முறையும் அதே இடத்தில், அதே நீளத்தில், அதே முதற்சொற்களோடு ஒரு பத்தி வந்தது. பழைய பத்திதான் என்று கண் தாண்டிவிட்டது. மாலை ஆறு மணி. மறுநாள் காலை சொல்திருத்தம் செய்ய ஒரு குடும்பத்திடம் நேரம் கேட்டு வைத்திருந்தார். வீட்டு வாசலுக்கு வெளியே சற்று மேடேறினால் மட்டும் அலைவரிசை கிடைக்கும். அங்கு நின்று கோவையிலிருந்த தோழியை அழைத்து முதல் வரியை மட்டும் வாசித்துக் காட்டினார்.

"டிஸ்க்கு ரொம்பிருக்கும் புள்ள. பெரிய ஃபைலா நாலு தூக்கிப் போட்டுட்டுத் திரும்ப ஓட்டிப் பாரு" என்றார் தோழி.

தோழியைக் குறை சொல்ல இடமில்லை. அவருக்குக் கிடைத்தது ஐந்து ஆங்கிலச் சொற்களே அல்லாமல் உடுக்குறிகள் அல்ல. அச்சொற்களுக்கு அவர் சொன்னதே அகராதிப் பொருள். வட்டைப் பார்த்தால் உண்மையிலேயே 93 விழுக்காடு நிறைந்திருந்தது. தவறான விளக்கத்துக்குச் சான்று இவ்வளவு எளிதில் கிடைப்பது ஆய்விலும் அடிக்கடி நேர்வதுதான்.

பெரிய கோப்புகள் எவை என்பதில் ஐயமில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரு தடம் என்ற அளவில் பதிந்த அலைக்கோப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி பிடிக்கும். தரவுத்தளம் கெர்னலிடம் கேட்ட பொதுக்களத்தின் அளவும் ஒரு மணி நேரப் பேச்சின் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது தற்செயல். நான்கு கோப்புறைகள், மொத்தம் பதினொரு மணி நேரம். எல்லாவற்றுக்கும் வெளி வட்டில் நகல் இருக்கிறது என்ற நம்பிக்கையில் கட்டளை கொடுத்து நீக்கினார். கட்டளையால் நீக்கியது குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை. பின்னர்த் தரவுத்தளத்தைத் தொடங்கினார். சாதனத்தில் இடம் மீதமில்லை என்றது. இப்போது வட்டில் 17 ஜிபி காலியாக இருந்தது.

அப்போதுதான் கீழேயிருந்த பத்தியைப் படித்தார்.

திருத்தம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஷம்ஆலைப் பழைய 20,97,152க்கே திருப்பினார். தரவுத்தளம் உடனே எழுந்து நின்றது. ஐபிசிஎஸ் என்ற கட்டளை கொடுத்துப் பார்த்தபோது பகிர்வு நினைவகத் துண்டு அதன் அளவோடும், அதைப் பற்றிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களின் எண்ணிக்கையோடும் பட்டியலில் இருந்தது. துண்டின் அடையாள எண் 54,32,001. போஸ்ட்கிரெஸின் இணைப்பு எண் 5432. அதை ஆயிரத்தால் பெருக்கி ஒன்று கூட்டி அடையாளம் வைப்பது அன்றைய பதிப்புகளின் வழக்கம்.

தேடலை மீண்டும் ஓட்டினார். முன்பு எத்தனை வினாடியோ இப்போதும் அத்தனை வினாடி.

வியப்பில்லை. 300 எம்பித் தரவு 4 ஜிபி கணினியில் முன்னரே முழுதாக நினைவகத்தில்தான் இருந்தது. அண்மையில் படித்த கோப்புப் பக்கங்களைக் கெர்னல் தானாகவே நினைவகத்தில் தேக்கி வைக்கும். ஷேர்ட் பஃபர்ஸை உயர்த்தியதால் அதே பக்கங்களுக்கு இரண்டாவது இருப்பிடம் கிடைத்தது, அவ்வளவே. நேரம் போனது வட்டிலிருந்து படிப்பதில் அன்று, ஒவ்வொரு வரியையும் தேடல் கோலத்தோடு ஒப்பிடுவதில். அதற்கு மருந்து வேறு. ஒலிப்பெயர்ப்பை முன்கூட்டியே அசை அசையாகப் பிரித்துத் தனிப் பட்டியில் வைத்து அதற்குச் சொல்லடைவு கட்டுவதே வழி. இரண்டு வாரம் கழித்து அவர் அதைச் செய்தபோது விடை ஒரு வினாடிக்குள் வந்தது. அப்போது ஷேர்ட் பஃபர்ஸ் பழைய 24 எம்பிக்கே திரும்பியிருந்தது. நான்கில் ஒரு பங்கு என்பது பெரும் தரவுக்கும் பல பயனருக்கும் தொடக்கப் புள்ளியாகச் சொன்ன மதிப்பீடு. ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் சொற்களஞ்சியத்துக்கு அது மருந்தும் அன்று, உணவும் அன்று.

இந்தக் கதையின் எரிச்சலூட்டும் பகுதி இனிமேல்தான் வருகிறது. ஆனைகட்டியில் இது நிகழ்ந்தபோது இச்சிக்கல் மூன்றாண்டுகளுக்கு முன்பே தீர்ந்திருந்தது. போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களில் ஒருவரான ராபர்ட் ஹாஸ் 2012ஆம் ஆண்டு சூன் மாதத்தில் செய்த மாற்றம், தரவுத்தளத்தின் பெருந்துண்டை சிஸ்டம் ஃபைவ் முறையிலிருந்து விலக்கி எம்மேப் என்ற வேறொரு வழியில் பெறச் செய்தது. அந்த வழிக்கு ஷம்மேக்ஸ் வரம்பும் இல்லை, ஷம்ஆல் வரம்பும் இல்லை. 2013 செப்டம்பரில் வந்த 9.3ஆம் பதிப்பில் இது எல்லோருக்கும் கிடைத்தது. மறுபுறம் கெர்னலும் இறங்கி வந்தது. 2014 ஆகஸ்டில் வெளிவந்த லினக்ஸ் 3.16இல் இரு வரம்புகளின் இயல்பு மதிப்பும் நடைமுறையில் எல்லையில்லை என்னும் அளவுக்கு உயர்த்தப்பட்டது. இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே தொல்லையை நீக்கின. ஆனால் பழைய குறிப்புகள் நீங்கவில்லை. இன்றும் அவை நகலெடுக்கப்படுகின்றன. புதிய கணினியில் அந்த வரிகளை ஒட்டினால் இல்லாத வரம்பை நாமே கொண்டுவந்து வைக்கிறோம்.

9.3ஆம் பதிப்பு பழைய முறையை முற்றாகக் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில பத்து பைட்டு மட்டுமே கொண்ட ஒரு சிறு துண்டை இன்னும் சிஸ்டம் ஃபைவ் வழியில் வைத்திருக்கிறது. அந்தத் துண்டில் சேமிக்க ஒன்றுமில்லை. அதன் பயன் எண்ணிக்கையில் இருக்கிறது. எத்தனை ப்ராசஸ்கள் ஒரு துண்டைப் பற்றிக்கொண்டிருக்கின்றன என்று கெர்னல் கணக்கு வைக்கிறது. எம்மேப் வழியில் அந்தக் கணக்கைக் கேட்டறிய இயலாது. முதன்மைப் ப்ராசஸ் திடீரென்று கொல்லப்பட்டு அதன் கிளைகள் மட்டும் உயிரோடிருக்கையில், அதே தரவின்மேல் இரண்டாவது வழங்கியைத் தொடங்கினால் இரு கூட்டமும் ஒரே கோப்புகளில் ஒன்றையொன்று அறியாமல் எழுதும். தரவு மீட்க முடியாதபடி சிதையும். புதிதாக வருவது முதலில் அந்தச் சிறு துண்டைப் பார்க்கிறது. எவரேனும் பற்றிக்கொண்டிருந்தால் தொடங்க மறுக்கிறது. இந்த மறுப்பைக் கண்டு பொறுமையிழந்து பூட்டுக் கோப்பையும் துண்டையும் நீக்கிவிடுபவர்கள் உண்டு. அவர்களுக்கும் ஆனைகட்டி மாணவிக்கும் வேறுபாடு அதிகமில்லை. தடையாகத் தெரிவதை அகற்றுவதற்கு முன் அது எதற்காக நிற்கிறது என்று பார்க்கவில்லை.

28ஆம் எண்ணும் ஓய்வு பெறவில்லை. டாக்கர் கொள்கலனுக்குள் போஸ்ட்கிரெஸை ஓட்டுவது இன்று பல்கலைக்கழக ஆய்வகங்களிலும் வழக்கமாகிவிட்டது. பெரிய கேள்வியொன்றைப் பல ப்ராசஸ்கள் பங்கிட்டுச் செய்யும்போது அவை தற்காலிகப் பகிர்வு நினைவகம் கேட்கின்றன. கொள்கலனுக்குள் அதற்கென ஒதுக்கப்படும் இயல்பு அளவு 64 எம்பி. அது போதாவிட்டால் திரையில் வருவது அதே வாக்கியம்: சாதனத்தில் இடம் மீதமில்லை. இம்முறை சாதனம் என்பது கோப்பகம் போல் வேடமிட்ட நினைவகம், எனவே வாக்கியம் பாதி உண்மை. ஆனால் இம்முறை கீழே விளக்கப் பத்தி கிடையாது, உடுக்குறிகளும் இல்லை. கொள்கலனைத் தொடங்கும்போதே அந்த அளவை உயர்த்திக் கொடுப்பதுதான் தீர்வு. எத்தனை ஆய்வகங்களில் எத்தனை பேர் வட்டைத் துடைக்கத் தொடங்கியிருப்பார்களோ.

நீக்கப்பட்ட நான்கு கோப்புறைகளில் மூன்றுக்கு வெளி வட்டில் நகல் இருந்தது. நான்காவதற்கு இல்லை. அது எடுக்கப்பட்டு ஐந்து நாளே ஆகியிருந்தது. பதிவுக்கருவியின் அட்டை அடுத்த பதிவுக்காகத் துடைக்கப்பட்டிருந்தது. எழுத்துப்பெயர்ப்புக்கு உதவியவருக்கு அலைபேசியில் அனுப்புவதற்காகச் சுருக்கிய எம்பி3 நகல்கள் எஞ்சின. சொற்கள் தப்பின. ஆனால் சுருக்கும்போது மேல் அலைவெண்கள் வெட்டப்படுகின்றன, உரசொலிகளின் ஆற்றல் பரவல் மாறுகிறது, உயிரொலிகளின் ஃபார்மன்ட் அளவுகளும் சற்றே நகர்கின்றன. நடு உயிரொலிகளைப் பற்றிய இயலில் அத்தகைய பதிவை அளவீட்டுக்குப் பயன்படுத்த முடியாது.

அந்தக் கோப்புறையில் ஒரு மூதாட்டி ராகியும் சாமையும் விதைப்பதைப் பற்றி நாற்பது நிமிடம் இடைவிடாமல் பேசியது இருந்தது. கேள்வி எதுவும் கேட்காமலே தொடங்கிய பேச்சு அது. மழை எந்தத் திசையிலிருந்து வரும், எந்த மரம் பூத்தால் விதைக்கலாம், தம் தாய் எப்படிச் செய்தார், கணவர் எதில் பிடிவாதக்காரர் என்று ஒன்றிலிருந்து ஒன்றாகச் சென்றது. மாணவி மறுவாரம் மீண்டும் அவர் வீட்டுக்குப் போனார். பதிவு கெட்டுவிட்டது பாட்டி, இன்னொரு முறை சொல்ல வேண்டும் என்று கேட்டார். கணினி, கெர்னல், 28 எதையும் விளக்கவில்லை. மூதாட்டி மறுக்கவில்லை, முற்றத்தில் பாய் விரித்து அமர்ந்தார். அதையெல்லாம்தான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒருமுறை சிரித்தார். பிறகு, கற்றுக்கொள்ள வந்தவருக்குப் பாடம் சொல்வதுபோல் வரிசையாக, தெளிவாக, கணவரைப் பற்றிய பேச்சே இல்லாமல் சொல்லி முடித்தார். பதிவுக்கருவி ஆறு நிமிடம் பன்னிரண்டு வினாடி காட்டியது.